என்கூட வந்தவ

ஹலோ... ஆமாம்மா, தமிழ்தான். தென்காசிப் பக்கம், மேலகரம். அப்பாடா, ஒரு தமிழ்க் குரலக் கேட்டுட்டேன். நீங்க எங்கம்மா, லண்டனா? யாழ்ப்பாணமா பூர்வீகம்? பேச்சுலயே தெரியுது. நான் இங்க மெல்கோட்டுன்னு ஒரு கிராமத்துல, சர்ச்சுக்குப் பின்னால ஒரு ஹால்ல உக்காந்திருக்கேன். எதுத்தாப்புல ஒரு போலீஸ்காரி, சின்னப் பொண்ணுதான், நோட்டோட இருக்கா. போன ஸ்பீக்கர்ல போட்டு மேஜ மேல வச்சிருக்கா. நான் சொல்லுதத நீங்க அவளுக்குச் சொல்லணுமாம், அவ கேக்குதத எனக்குச் சொல்லணுமாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன்மா. எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்ல. நான் இங்கிலீஷ் புரொபசர். முப்பத்துநாலு வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தியிருக்கேன். என்கிட்ட படிச்ச பயலுவ கலெக்டரா இருக்கான், ஜட்ஜா இருக்கான். ஆனா இன்னைக்கு வாயத் தொறந்தா 'மை வைஃப், மை வைஃப்'னு அதுக்கு மேல ஒரு வார்த்த வரலம்மா. இந்தப் பொண்ணு மூணு தடவ பொறுமையா கேட்டுப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டா.

என் சம்சாரத்தக் காணோம்மா.

ரெண்டே முக்கால்ல இருந்து காணோம். இப்ப நாலேகால் ஆகுது. வெளிய இருட்டிக்கிட்டு வருது. நம்ம ஊர்னா நாலேகால்ங்கிறது நல்ல வெயிலு. இங்க ஐப்பசி பாதியிலயே இப்படி. வச்சிராதீங்கம்மா, லைன்ல இருங்க.

வயசா? அவளுக்கு அறுபத்திமூணு. ஒசரம்... என் தோளுக்குக் கொஞ்சம் கீழ. ஒல்லி. நிறம் நம்ம நிறம்தான். சீக்கா? சர்க்கர இருக்கு, பதினொரு வருஷமா. அதச் சொல்லுங்க மொதல்ல, அதத்தான் மொதல்ல சொல்லணும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால ஒரு மாத்திர போடுவா. போட்டா அர மணிக்குள்ள சாப்பிட்டாகணும். இன்னைக்குப் பஸ்ஸ விட்டு எறங்குனதும் பன்னெண்டரைக்கு மாத்திரையப் போட்டுட்டா. சோத்துப் பை என்கிட்ட இருக்கு. இந்தா, மடியிலதான் வச்சிருக்கேன். எலுமிச்சஞ்சோறும் உருளக்கிழங்கும், ரெண்டு டப்பா. தொறக்கவே இல்ல.

போன வருஷம் சங்கரன்கோவில்ல ஆடித்தபசு கூட்டத்துல இப்படித்தான், பட்டினியா நின்னுட்டு, ஒரு தூணுக்குப் பின்னால சரிஞ்சுட்டா. பேச்சு மூச்சு இல்ல. பக்கத்துல பூக்கட்டுற அம்மா பாத்து வாயில சீனியப் போட்டதுனால பொழச்சா. இங்க எந்தச் செவுத்துக்குப் பின்னால யாரு பாப்பா?

ஏன் சாப்பிடலயா? அது வந்து... அந்த வீட்டுக்கு எங்களுக்குப் போட்டிருந்த நேரம் ஒரு மணி. ஒரு மணிக்கு உள்ள போகணும், இல்லன்னா விடமாட்டாவ. எந்த வீடுன்னு கேக்காளா? தோர்லி வீடும்மா. எட்மண்ட் தோர்லி, கவிஞர். இந்த ஊர்லதான் பொறந்தாரு, இங்கதான் செத்தாரு, வீட்ட இப்ப மியூசியமா வச்சிருக்காவ. பொண்டாட்டி மார்த்தா செத்ததும் நாப்பது பாட்டு எழுதுனாரு. அவ உயிரோட இருந்தப்ப ஒரு நா அவள வாசக்கதவுல நிறுத்திட்டு திரும்பிப் பாக்காமப் போயிட்டேனேன்னு அழுது எழுதுனது. முப்பத்துநாலு வருஷமும் பங்குனி மாசம் நான்தான் அத நடத்துவேன். கடைசி பெஞ்சுப் பயலுவ கூட கண்ணத் தொடச்சுக்குவானுவ.

மகன் குமார் பர்மிங்காம்ல வேல பாக்கான். ஞாயித்துக்கெழம கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னான். ஞாயித்துக்கெழம அந்த வீட்டப் பூட்டிருவாவ, இனி பங்குனிக்குத்தான் தொறப்பாவ. அவன் வந்தா அர மணியில 'போலாமாப்பா'ம்பான். அதான் நானே இவளக் கூட்டிக்கிட்டு ட்ரெய்ன் மாறி, பஸ் ஏறி வந்துட்டேன். இந்த ஊரு எனக்குத் தெரியாத ஊரு இல்லம்மா. படத்த போர்டுல வரைஞ்சு நடத்தியிருக்கேன். ஓட எங்க, பாலம் எங்க, மார்த்தா துணி தொவச்ச கல்லு எங்க, எல்லாம் அத்துப்படி. பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கல.

என்ன? உடுப்பா? அவ என்ன உடுத்தியிருந்தாளா?

சேல. சேலதான். பச்சச் சேல... இல்ல, பச்ச ஏர்போர்ட்டுக்குக் கட்டுனது. இன்னைக்கு... இருங்கம்மா. காலைல நான் தோர்லி நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன். அவ பொறத்தால வந்தா. ட்ரெய்ன்ல எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தா, ரெண்டு மணி நேரம். நீலம்னு எழுதச் சொல்லுங்க. இல்ல, வேண்டாம், தப்பா எழுதிரப் போறா.

மேல கோட்டா? தெரியலம்மா.

பாத்தீங்களா, அந்த வீட்டு மாடியில மார்த்தாவோட கவுன் ஒண்ணு கண்ணாடிப் பெட்டியில இருக்கு. சாம்பல் நிறக் கம்பளி, முன்பக்கம் பதினோரு எலும்புப் பொத்தான், கையோரம் தச்சுத் தேஞ்சிருக்கு. அது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இவ சேல நிக்கல. இதயும் அவகிட்ட சொல்லணுமா? நான் வாயால சொல்லுதது அத்தனையும் அப்படியே சொல்லணும்கிறது விதியா? சரி. சொல்லுங்க.

எப்பக் கடைசியாப் பாத்தேன்னு கேக்காளா. வீட்டுக்குள்ளதான். ஒண்ணேகால் இருக்கும். பொறவு அவ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. அங்கயே இருன்னு... இருப்பான்னு நெனச்சேன். ஒரு எடத்துல உக்காருன்னா உக்காருறவதான். நாப்பத்தோரு வருஷமா அப்படித்தான். கல்யாண வீட்டுல விட்டுட்டுப் போவேன், கூட்டம் கலஞ்சு பந்தப் பிரிக்கும்போது வந்து கூட்டிட்டுப் போவேன், அதே நாற்காலியில இருப்பா. இங்க வந்து ஏன் எந்திரிச்சா? நான் வெளிய வந்து பாத்தா பெஞ்சு காலி. எனக்குக் கோவம்தாம்மா மொதல்ல வந்துச்சு. பயம் பொறவுதான் வந்துச்சு.

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்களுக்குள்ள சண்டையே கெடையாது. நான் சொல்லுவேன், அவ கேப்பா.

என்னம்மா சொல்லுதா அவ? அந்த வீட்டுல வேல பாக்குற வெள்ளக்கார அம்மா ஒண்ணு சாட்சி சொல்லியிருக்கா... என்னன்னு? 'இவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லைன்னு இவரே சொன்னார்'னு.

வச்சிராதீங்கம்மா. சொல்லுதேன்.

உள்ள எங்களோட ஒரு பன்னெண்டு பேர் வந்தாவ. எல்லாம் இந்த ஊர்க்காரவ, படிச்சவ. சாட்சி சொன்ன அந்த வெள்ளத்தல அம்மாதான் ஒவ்வொரு அறையா காட்டி வெளக்கம் சொன்னா. ஒரு எடத்துல வருஷத்தத் தப்பாச் சொன்னா. நான் திருத்துனேன். அவ சுவத்துல இருந்த அட்டையப் பாத்துட்டு நீங்க சொன்னதுதான் சரின்னுட்டா. எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாவ. எங்க இருந்து வாரீங்க, என்ன செய்யுதீங்கன்னு கேட்டாவ. இந்தியாவுல தோர்லிய நடத்துதீங்களான்னு ஒருத்தர் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. அறுபத்தெட்டு வயசும்மா எனக்கு. என் காலேஜ்ல ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒரு மாலையும் ஒரு கடியாரமும் குடுத்து அனுப்புனாவ. இப்படி ஒரு மரியாத எனக்கு யாரும் செஞ்சது இல்ல. அடுக்களைக்குள்ள போனோம், நான் அவங்களுக்கு அந்த வாசக்கதவுப் பாட்டச் சொல்ல ஆரம்பிச்சேன். மனப்பாடமா. எல்லாரும் சத்தமில்லாமக் கேக்காவ.

இவ பக்கத்துல வந்து என் சட்டைய இழுத்தா. 'ஏங்க, தல கிறுகிறுங்குது'ன்னா.

ஆமாம்மா. சொன்னா. எங்கிட்டச் சொன்னா. நான் இப்படிக் கையக் காட்டுனேன், பொறுன்னு. பாட்டுல பாதியில நிக்கேன்ல.

பொறவு பாத்தா கயித்தத் தாண்டிப் போயி அடுப்போரம் இருந்த குட்ட நாற்காலியில உக்காந்துட்டா. அது மார்த்தாவோட நாற்காலி. இருநூறு வருஷத்து நாற்காலி. தலைய செவுத்துல சாச்சுக்கிட்டு கண்ண மூடிட்டா. எல்லாரும் பாட்ட விட்டுட்டு அவளப் பாக்காவ. வெள்ளத்தல அம்மா என்கிட்ட வந்து மெதுவா, இந்த அம்மா உங்களோட வந்தவங்களான்னு கேட்டா.

நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.

நோன்னு ஒரே ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்த மட்டும் கணீர்னு வந்துச்சு, பாருங்க. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. ஆனா நோ தெரியும். கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. அந்த அம்மா கையத் தாங்கலாப் புடிச்சு எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போனா. நான் மிச்சப் பாட்டையும் சொல்லி முடிச்சேன். கை தட்டுனாவ.

சொல்லுங்கம்மா. அவகிட்ட சொல்லுங்க. முழுசும் சொல்லுங்க.

நல்ல இங்கிலீஷ்மா உங்களுக்கு. ஒரு பிழ இல்ல. நான் செஞ்சத அந்தப் பாஷையில கேக்கணும்னு இருந்திருக்கு.

என்ன சொல்லுதா? அந்த வெள்ளத்தல அம்மா வெளிய பெஞ்சுல உக்கார வச்சு தன்னோட டீயக் குடுத்தாளா? சீனி போட்டதா? கேளுங்க, சீனி போட்டதான்னு கேளுங்க. ரெண்டு கரண்டி. பிஸ்கட்டும் குடுத்தாளா. நல்லா இருப்பா அந்த மகராசி. ஆனா அது ஒண்ணரைக்கு. அது ஒரு மணி நேரம் தாங்கும், ஒண்ணரை மணி நேரம் தாங்கும். பொறவு?

நான் எப்ப வெளிய வந்தேனா? கூட்டம் ஒண்ணேமுக்காலுக்குப் போயிடுச்சு. நான் கொஞ்ச நேரம் மாடியில இருந்தேன். தோர்லி கைப்பட எழுதுன தாள் அங்க இருக்கு, அதப் பாத்து எழுதிக்கிட்டேன். கொஞ்ச நேரம்தான். ஒரு அம்பது நிமிஷம். எறங்கி வந்தது பின்வாசல் வழியா, ஓடையப் பாத்துட்டு, சுத்தி முன்னால வந்தேன். அவ முன்வாசலப் பாத்து உக்காந்திருந்திருப்பா. உள்ள போன அத்தன பேரும் வெளிய வந்திருப்பாவ. நான் மட்டும் வரல.

பெஞ்ச விட்டு எந்திரிச்சு எங்க போயிருப்பா? உங்களுக்கு என்ன தோணுதும்மா? கோச்சுக்கிட்டுப் போறவ இல்லம்மா அவ. கோச்சுக்கத் தெரியாது அவளுக்கு.

அங்க பாருங்க, சன்னல் வழியாத் தெரியுது, ரெண்டு பேரு ஓடையோரமா நீளக் கம்பு எடுத்துக்கிட்டுப் போறாவ. எதுக்கும்மா கம்பு? கேளுங்க. வேண்டாம், கேக்காதீங்க. ஓட ஆழமில்ல. முழங்கால் அளவுதான்னு தோர்லியே எழுதியிருக்காரு. மழக்காலத்துல எவ்வளவுன்னு எழுதல.

குமாருக்குச் சொல்லியாச்சு, கார்ல வந்துக்கிட்டு இருக்கான். போன்ல ஒரே கேள்விதான் கேட்டான். 'அம்மா சாப்பிட்டாளாப்பா?'ன்னு. நான் லைனக் கட் பண்ணிட்டேன்.

அந்தச் சத்தமா? ஊரே தேடுதும்மா. நல்ல சனங்க. கடக்காரரு கடையப் பூட்டிட்டு வந்துட்டாரு, சர்ச்சுப் பாதிரியாரு லைட் எடுத்துக்கிட்டு அலையுதாரு, நாய் வச்சிருக்கவ நாயோட போறாவ. எல்லாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுப் போறாவ. என்ன பேரா? கேளுங்க, நல்லாக் கேக்குது. 'கூட்ராலிங்கம், மிசஸ் கூட்ராலிங்கம்'னு.

இல்லம்மா. அது என் பேரு.

நான்தான் குத்தாலிங்கம். அவ பாஸ்போர்ட்டுல ரெண்டாவது பேரு என் பேருதான போட்டிருக்கும். அவ பேரு குழல்வாய்மொழி. எங்க குத்தாலத்து அம்மன் பேரு. சாமிக்கும் அம்மனுக்கும் பேர்ப் பொருத்தம்னு சொல்லித்தான் கட்டி வச்சாவ. இந்தப் போலீஸ் பொண்ணு மொதப் பேரப் படிச்சுப் பாத்துச்சு, முடியல, ரெண்டாவதச் சொல்லி அனுப்பிடுச்சு. நானும் விட்டுட்டேன். கூப்பிட்டாச் சரின்னு.

ஐயோ, நீங்க சொன்ன பொறவுதாம்மா எனக்கு ஒறைக்குது. ஒரு மணி நேரமா ஊரு பூரா என்னத் தேடுது. அவளத் தேடல. அவ எங்க விழுந்து கெடந்தாலும், அரை நெனவுல காதுல விழுந்தாலும், தன்னக் கூப்பிடுதாவன்னு எப்படி நெனப்பா? அது புருசன் பேரு. அவ அந்தப் பேரச் சொல்லவே மாட்டாம்மா. ரேஷன் கடையில கேட்டாக் கார்டக் காட்டுவா. குமார் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்சு தகப்பன் பேரு கேட்டதுக்கு, 'எங்க ஊரு அருவி பக்கத்துல இருக்க சாமி பேரு'ன்னிருக்கா. சொன்னா புருசன் ஆயுசு கொறைஞ்சு போகும்னு அவ அம்ம சொல்லிக் குடுத்தது. நான் எத்தன தடவ கிண்டல் பண்ணியிருக்கேன். படிச்ச வீட்டுல இப்படி ஒரு பட்டிக்காடான்னு.

நானா? நான் அவள என்னன்னு கூப்பிடுவேனா? ஏளான்னுதான். ஏளா, தண்ணி கொண்டா. ஏளா, கதவச் சாத்து. பேரச் சொல்லிக் கூப்பிட்டது இல்லம்மா. எனக்கு எந்தத் தடையும் கெடையாது, ஆயுசும் கொறையாது. கூப்பிடல, அவ்வளவுதான்.

நான் போயிக் கூப்பிடவா? என் குரலு அவளுக்குத் தெரியும்ங்கீங்களா. இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, நான் வாசலுக்குப் போறேன்னு. போனக் கையில எடுத்துக்கிடுதேன். வச்சிராதீங்க. முப்பத்துநாலு வருஷம் மைக் இல்லாம நூறு பேருக்குக் கேக்குற மாதிரி பேசுனவன் நான்.

வாசலுக்கு வந்துட்டேன். ஒண்ணும் தெரியல, அங்கங்க லைட்டு அசையுது. அந்தா, பாலத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடுதாவ. கூட்ராலிங்கம். நாயி கொலைக்கிது. இந்தப் பக்கம் பாதிரியாரு. குட்ரா... அவருக்கு அதுகூட வரல. இருங்க, நான் கூப்பிடுதேன். கு...

இருங்கம்மா.

பேசாதீங்க, ஒரு நிமிஷம். கேக்குதா உங்களுக்கு? பாலத்துப் பக்கம். வெள்ளக்காரவ கூப்பிட்டதுக்குப் பொறவு ஒண்ணு தனியாக் கேக்குது. பொம்பளக் குரலு. கம்மிப் போயிக் கெடக்கு, கத்திக் கத்தி. அது... அது சரியாச் சொல்லுதும்மா. குத்தாலிங்கம்னு. எங்க ஊர்ல சொல்லுத மாதிரி சொல்லுது. குத்தாலிங்கம், குத்தாலிங்கம்னு.

அவதாம்மா. அவ குரலுதான்.

அவ என்னத் தேடுதா. எல்லாரும் என் பேரக் கூப்பிடுதாவல்ல, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டா. பெஞ்ச விட்டு எந்திரிச்சதே என்னத் தேடித்தான்மா, வேற எதுக்கு எந்திரிப்பா? நாப்பத்தோரு வருஷமாச் சொல்லாத பேர, ஊரு கேக்க, நாயி கேக்க, தொண்ட கிழியச் சொல்லிக்கிட்டு வாரா. எங்கூட வரலன்னு சொன்னவன் பேரும்மா அது.

லைட்டுக்குள்ள வந்துட்டா. கடக்காரரு ஒரு கையப் புடிச்சிருக்காரு. இன்னும் என்னப் பாக்கல, ஓடையப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டு வாரா. இந்தப் பொண்ணு என்கிட்ட என்னமோ கேக்குதா. ஆமாம்மா, எனக்குப் புரியுது, நீங்க சொல்ல வேண்டாம். அடுக்களையில கேட்ட அதே கேள்வியத்தான் கேக்கா, இந்த அம்மா உங்களோட வந்தவங்களான்னு. நீங்க இத எழுதிக்கச் சொல்லுங்க அவகிட்ட. சேல கத்திரிப்பூக் கலரு. கரை மஞ்ச, அடியில ஓடத்தண்ணி பட்டு நனைஞ்சிருக்கு. மேல குமாரோட பழைய பழுப்பு ஸ்வெட்டரு, மூணாவது பொத்தான் இல்ல. கால்ல சாக்ஸு, அதுக்கு மேல ரப்பர் செருப்பு. முந்தியில என்னமோ முடிஞ்சு வச்சிருக்கா, பிஸ்கட்டா இருக்கும். பேரு குழல்வாய்மொழி. குழல்வாய்மொழி. அவளால சொல்ல முடியலன்னா விடுங்க, நான் கூப்பிடுதேன்.